சிப் இருக்கிறது, ஆள் எங்கே? செல்லப்பிராணி கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாய்க்கு மைக்ரோசிப் போட்டாகிவிட்டது. அது எங்கே திரிகிறது என்று போனில் பார்க்க எந்த ஆப் வேண்டும்?

பதில்: அப்படி ஒரு ஆப் கிடையாது. இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நாய் தொலைந்த அன்றுதான் உண்மை தெரிகிறது.

சிப்புக்குள் பேட்டரி இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. உடலுக்கு ஒவ்வாமை தராத ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன தண்டில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு கெப்பாசிட்டர், எண் பதிந்த சிலிக்கான் துணுக்கு. மொத்த நீளம் 12 மி.மீ., தடிமன் சுமார் 2 மி.மீ. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். அந்தச் சில நொடிகள் மட்டும் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும், அதை வைத்துத்தான் உரிமையாளரைத் தேடுவார்கள். ஸ்கேனரை எடுத்துவிட்டால் மறுபடி தூக்கம்தான். கையில் பிடிக்கும் ஸ்கேனர்களுக்கு எட்டும் தூரம் பெரும்பாலும் 10, 15 சென்டிமீட்டருக்குள்தான்.

ஓடும் நாயைப் பின்தொடர வேண்டுமானால் காலரில் மாட்டும் ஜி.பி.எஸ். கருவி தனியாக வாங்க வேண்டும். அதற்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், காலர் கழன்றால் அதுவும் போய்விடும். சிப்புக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்று செய்வதை மற்றது செய்யாது.

கேள்வி: மனிதர்களுக்குப் போடும் ஊசியைவிட மிகப் பெரிய ஊசியாமே? இரண்டு மாதக் குட்டிக்கு அதைப் போடலாமா? எப்படிப் போடுவார்கள், என்ன தவறு நேரலாம்?

பதில்: ஊசி பெரியதுதான், மறைக்க ஒன்றுமில்லை. வழக்கமான சிப்புக்கு 12 கேஜ் ஊசி (கேஜ் என்பது ஊசித் தடிமனின் அளவு, எண் கூடினால் ஊசி மெல்லியது). வெளிவிட்டம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். தடுப்பூசிக்குப் பயன்படும் மெல்லிய ஊசியோடு ஒப்பிட்டால் மிரட்சியாக இருக்கும். சின்னக் குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் 8 மி.மீ. நீளம், 1.4 மி.மீ. தடிமனில் மினி சிப் வருகிறது. அதற்கு 15 கேஜ் ஊசி போதும். ஆறு முதல் எட்டு வாரத்துக் குட்டிக்கே போடலாம். இங்கிலாந்தில் நாய்க்கு எட்டு வாரம் ஆவதற்குள் சிப் போட்டுவிட வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். வலிக்குமே என்று தயங்கினால் கருத்தடை அறுவைசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது சேர்த்துப் போட்டுவிடச் சொல்லலாம். ஆனால் அந்த நாள் வரை குட்டி வீட்டைவிட்டு நழுவாது என்ற உறுதி உங்களிடம் இருக்க வேண்டும்.

முறையாகச் செய்பவர் முதலில் பிராணியின் உடல் முழுவதையும் ஸ்கேன் செய்வார், ஏற்கெனவே ஒரு சிப் இருக்கலாம் அல்லவா. அடுத்து, உறையைப் பிரிக்காமல் புதுச் சிப்பை ஸ்கேன் செய்து, வரும் எண் பார்கோடு ஸ்டிக்கரில் அச்சான எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இந்த இரண்டையும் செய்யாமல் நேராக ஊசியை எடுத்தால் நீங்களே நினைவூட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இடம்: இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகின் மையக் கோட்டில், தோலுக்கு அடியில். ஐரோப்பாவின் பல நாடுகளில் கழுத்தின் இடப்பக்கம். தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்வாக முழு நீளத்துக்கும் செலுத்தி, சிப்பைத் தள்ளும் ஊசிக்குழலின் தண்டைக் கடைசிவரை அழுத்தி, பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். உருவும்போது துளை வாயை விரலால் கிள்ளிப் பிடித்து, சில நொடிகள் அழுத்த வேண்டும். கடைசியாக மறுபடி ஒரு ஸ்கேன்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஊசியை உருவும் கட்டத்தில்தான். தண்டு முழுதாக இறங்குமுன் ஊசியை இழுத்தால் சிப் ஊசியோடு சேர்ந்து வெளியே வந்து ரோமத்தில் சிக்கிக்கொள்ளும். அடர்த்தியான ரோமமுள்ள நாயில் அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன் செய்தால் எண்ணும் வரும், எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அதனால் கடைசி ஸ்கேனுக்கு முன் ரோமத்தை விலக்கித் தடவிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, தூக்கிய தோல் மடிப்பின் ஒரு பக்கம் நுழைந்த ஊசி மறுபக்கம் துளைத்து வெளியே வந்துவிடுவது. அப்போது சிப் தரையில் கிடக்கும். மிகச் சிறிய பிராணி திமிறும்போது ஊசி ஆழமாக இறங்கித் தண்டுவடம்வரை போன நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதிலும் அரிது. ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒருவர், ஊசி போட ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும் என்பது இதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஓரிரு நாள் குளிப்பாட்ட வேண்டாம், அந்த இடத்தைப் பிசைய வேண்டாம். சிப்பைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் பூனைக்குச் சிப் போட்டோம். போன மாதம் வேறொரு கிளினிக்கில் ஸ்கேன் செய்தபோது எண்ணே வரவில்லை. சிப் செத்துவிட்டதா?

பதில்: செத்திருக்கலாம், ஆனால் அதைக் கடைசிச் சந்தேகமாக வையுங்கள். பேட்டரி இல்லாத பொருள் என்பதால் பிராணியின் ஆயுளுக்கும் அது தாங்க வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கேன் செய்த கையை.

ஸ்கேனரைத் தோள்மேல் ஒரு வீசு வீசிவிட்டு “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்கேனர் நொடிக்குச் சுமார் 15 செ.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது, ரோமத்தை ஏறக்குறையத் தொட்டபடி போக வேண்டும். சிப் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்கேனரின் சுருள் அதை உணரலாம், உணராமலும் போகலாம். ஆகவே ‘எஸ்’ வடிவில் குறுக்காக ஒரு முறை, நீளவாக்கில் ஒரு முறை, ஸ்கேனரைச் சற்றுச் சாய்த்தும் திருப்பியும் ஒரு முறை என்று பார்க்க வேண்டும்.

தோள்களுக்கு நடுவே இல்லையென்றால் சிப் நகர்ந்திருக்கலாம். கழுத்தின் இரு பக்கம், தோள், முழங்கை வரை முன்னங்கால், மார்பு, விலா என்று எல்லா இடமும் பாருங்கள். நகர்ந்த சிப்பால் பிராணிக்குத் தொல்லை எதுவும் இல்லை, தேடுபவருக்குத்தான் தொல்லை.

சுற்றுப்புறமும் கெடுக்கும். உலோக மேசை, உலோகக் கொக்கி வைத்த காலர், பக்கத்தில் ஓடும் கணினித் திரை, குழல்விளக்கு, ஸ்கேனரின் குறைந்த பேட்டரி. காலரைக் கழற்றிவிட்டு, பூனையைத் துணி விரித்த தரையிலோ மடியிலோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தெரிந்த வேறொரு சிப்பை வைத்து ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று முதலில் சோதிப்பது நல்ல கிளினிக்கின் பழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் எண் வரவில்லையென்றால் அலைவரிசையைக் கேளுங்கள். இன்றைய சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 11784, 11785. அதன்படி சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் பேசும். பழைய சிப்புகளில் 125, 128 கிலோஹெர்ட்ஸ் வகைகளும் உண்டு. 134.2 மட்டும் படிக்கும் ஸ்கேனர் அவற்றைக் கண்டுகொள்ளாது. எல்லா அலைவரிசையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கும் எண் வராவிட்டால் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், சிப் படத்தில் பளிச்சென்று விழும். விழவே இல்லையென்றால் ஊசித் துளை வழியாக முதல் நாளே வெளியேறியிருக்க வேண்டும். புதிது போடுங்கள். இனி ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஸ்கேன் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிளினிக்கில் 15 இலக்க எண் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். பதிவு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஸ்டிக்கர் ஒட்டுவது வேறு, பதிவு வேறு. இந்தப் பகுதிக்கு வரும் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிப்பில் உங்கள் பெயர் இல்லை, முகவரி இல்லை, நாயின் பெயர்கூட இல்லை. வெறும் எண். அந்த எண்ணை ஒரு தரவுத்தளத்தில் தட்டினால்தான் உங்கள் போன் நம்பர் வரும். தட்டினால் ஒன்றும் வராவிட்டால், நாயின் கழுத்தில் இருப்பது ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 53 காப்பகங்களில் சிப்புடன் வந்த 7,704 பிராணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2009-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. வழிதவறிக் காப்பகத்துக்கு வந்த நாய்களில் சிப் இருந்தவை 52.2 சதவீதம் வீடு திரும்பின, அப்படி வந்த மொத்த நாய்களில் திரும்பியவை 21.9 சதவீதம்தான். பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: சிப் இருந்தவை 38.5 சதவீதம், மொத்தத்தில் 1.8 சதவீதம். பூனைக்குச் சிப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

அதே ஆய்வில் இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதைத்தான் கவனிக்க வேண்டும். சிப் இருந்தும் உரிமையாளர் கிடைக்காமல் போனதற்கு என்ன காரணம்? 35.4 சதவீதம், போன் நம்பர் தவறு அல்லது துண்டிக்கப்பட்டது. 24.3 சதவீதம், அழைப்புக்கோ கடிதத்துக்கோ பதில் இல்லை. 17.2 சதவீதம், சிப் தயாரித்தவரின் தரவுத்தளத்தில் இல்லாமல் வேறொன்றில் பதிவாகியிருந்தது. 9.8 சதவீதம், பதிவே இல்லை. இதில் எதுவும் சிப்பின் கோளாறு இல்லை என்பதைப் பாருங்கள்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது இதுதான். எந்தத் தரவுத்தளத்தில் பதிவு, யார் செய்தது என்று கிளினிக்கில் கேளுங்கள். “நாங்களே செய்துவிடுவோம்” என்றால் உறுதிச் செய்தியோ மின்னஞ்சலோ வந்ததா என்று பாருங்கள். கிளினிக் தன் போன் நம்பரையே உரிமையாளர் நம்பராகப் போட்டுவைப்பதும் உண்டு, விடுமுறை நாளில் அது பயன்படாது. உங்கள் பெயரில் கணக்கு திறந்து, உள்ளே நுழைந்து, எண்ணை ஸ்கேனர் திரையில் வருவதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். 15 இலக்கத்தில் ஒன்று மாறிப்போவது மிகச் சாதாரணம். இரண்டாவது தொடர்பு எண் கட்டாயம் கொடுங்கள், உங்கள் வீட்டிலேயே இல்லாத ஒருவருடையதாக இருந்தால் நல்லது. நீங்கள் பயணத்தில் இருக்கும்போதுதான் நாய் தொலையும். பிராணியின் நிறம், அடையாளத் தழும்பு, தினமும் மருந்து தேவை என்றால் அது, கருத்தடை விவரம் எல்லாம் எழுதுங்கள். படமும் ஏற்றுங்கள்.

பதிவு நிறுவனமே மூடிப்போகும் ஆபத்தும் உண்டு. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அப்படித் திடீரென்று நின்றுபோய், அதில் மட்டும் பதிந்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. எண் உங்களுடையது. அதே எண்ணை இரண்டு தரவுத்தளங்களில் பதிவதற்குத் தடை இல்லை. ஆனால் உங்கள் போன் நம்பர் மாறினால் இரண்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மாற்றி மற்றதை மறந்தால் குழப்பம்தான். வருடத்துக்கு ஒருமுறை, தடுப்பூசி நாளை வைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்வி: அந்த 15 இலக்கங்களுக்குப் பொருள் உண்டா?

பதில்: முதல் மூன்று மட்டும் பேசும். அது நாட்டுக் குறியீடாகவோ 9-இல் தொடங்கும் தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். 826 என்றால் பிரிட்டன், 250 பிரான்ஸ், 702 சிங்கப்பூர். 900 முதல் 998 வரை தயாரிப்பாளர்களுக்கானவை, இவற்றை வழங்குவது ஐகார் என்ற சர்வதேச அமைப்பு. ஒரே குறியீட்டைப் பல சிறு தயாரிப்பாளர்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 999 சோதனைக்கு மட்டும். உங்கள் பிராணியின் எண் 999-இல் தொடங்கினால் அந்தச் சிப்பை நம்பாதீர்கள், அந்த எண் உலகில் இன்னொன்றுக்கும் இருக்கலாம். மிச்சமுள்ள 12 இலக்கமும் வரிசை எண்தான். 9 அல்லது 10 இலக்கம் மட்டும் வந்தால் அது பழைய அலைவரிசைச் சிப்.

கேள்வி: பெரியவர் ஒருவரிடமிருந்து நாயைத் தத்தெடுத்தோம். சிப்பில் அவர் பெயரே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு போடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். எடுப்பதென்றால் அறுவைசிகிச்சை. நார்த்திசுவுக்குள் பதிந்த 12 மி.மீ. கண்ணாடியைத் தேடிக் கத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை. பெயர் மாற்றினால் போதும். பெரும்பாலான தரவுத்தளங்கள் பழைய உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்கும், திருட்டு நாய்க்குப் புதுப் பெயர் போடாமல் இருக்கத்தான். பெரியவரை இப்போதே தொடர்புகொண்டு, அவர் கணக்கிலிருந்து மாற்றம் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து அவர் எங்கிருப்பார் என்று யார் கண்டது?

இரண்டாவது சிப் தேவைப்படுவது இரண்டே சூழல்களில்: முதல் சிப் படிக்கவில்லை, அல்லது பழைய அலைவரிசை. அப்போதும் இரண்டு எண்களையும் பதிவில் வையுங்கள், ஸ்கேனர் எதை முதலில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: சிப்பால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: அந்தச் செய்திக்கு வேர் இருக்கிறது: ஆய்வகச் சுண்டெலிகளிலும் எலிகளிலும் சிப்பைச் சுற்றிக் கட்டிகள் கண்டது உண்மை. ஆனால் அவற்றுள் பல கட்டி வருவதற்கே எளிதில் ஆளாகும் இனங்கள். நாய், பூனைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தனித்தனி நிகழ்வுகள் மட்டும் பதிவாகியுள்ளன. பிரிட்டனின் சிறு பிராணி மருத்துவர் சங்கம் 1996-இல் பக்கவிளைவுப் பதிவைத் தொடங்கியது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகளுக்குச் சிப் போட்ட காலத்தில் அதற்கு வந்த புகார்கள் 391. பெரும்பான்மை, சிப் நகர்ந்தது பற்றியவை. எல்லோரும் புகார் அனுப்ப மாட்டார்கள் என்பதால் உண்மை எண்ணிக்கை கூடலாம். ஆனாலும் தொலைந்துபோகும் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் தராசு ஒரு பக்கம்தான் சாயும்.

சிப் போட்ட இடத்தில் கட்டி தெரிந்தால் தடுப்பூசிக் கட்டிக்குச் சொல்லும் அதே கணக்கைப் பின்பற்றுங்கள்: மூன்று மாதம் கழித்தும் கரையவில்லை, அல்லது 2 செ.மீ.க்கு மேல் பெரிதாகிவிட்டது, அல்லது ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்கிறது. மூன்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாயை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகிறோம். ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிட்டோம், சிப் அடுத்த வாரம். சரிதானே?

பதில்: வரிசை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் முதலில், அல்லது அதே நாளில், அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. சிப் இல்லாதபோது போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்பதற்குச் சாட்சி இல்லை என்பது அவர்கள் வாதம். ஆகவே சிப் போட்டபின் ரேபிஸ் ஊசியை மறுபடி போட வேண்டியிருக்கும். நாய்க்கு 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போகிறீர்கள் என்றால், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்தே அனுமதி. டிக்கெட் எடுக்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள். சிப் ஐ.எஸ்.ஓ. தரத்தில் இல்லையென்றால் அதைப் படிக்கும் ஸ்கேனரையும் நீங்களே சுமந்துபோக வேண்டும்.

கேள்வி: என் போனில் என்.எஃப்.சி. (அட்டையைப் பக்கத்தில் வைத்தால் படிக்கும் வசதி) இருக்கிறது. அதை வைத்தே சிப்பைப் படிக்கலாமா?

பதில்: முடியாது. என்.எஃப்.சி. 13.56 மெகாஹெர்ட்ஸ், சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ். நூறு மடங்கு வித்தியாசம்.

கேள்வி: கிளி, முயல், ஆமைக்கும் போடலாமா?

பதில்: போடலாம். முயலுக்கு நாய்போலத் தோள்களுக்கு நடுவே. பறவைக்கு மார்புத் தசையில், வழக்கமாக இடப்பக்கம். எடை மிகக் குறைந்த பறவைக்கு மருத்துவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஆமைக்குப் பெரும்பாலும் இடது பின்னங்கால் பக்கம். பறவை, ஊர்வனவற்றில் பழகியவரிடமே போங்கள்.

கேள்வி: பூனை நேற்று இரவு வெளியேறிவிட்டது. சிப் இருக்கிறது. யாராவது ஸ்கேன் செய்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். முதலில் பதிவுக் கணக்கில் நுழைந்து ‘தொலைந்தது’ என்று குறியுங்கள், போன் நம்பர்களைச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்து, சுற்றியுள்ள கிளினிக்குகளுக்கும் காப்பகங்களுக்கும் சிப் எண், படம் இரண்டையும் அனுப்புங்கள். எண்ணைத் தந்தால் அவர்கள் ஸ்கேன் செய்யும்போது நேரடியாகப் பொருத்திப் பார்ப்பார்கள், தரவுத்தளத்தைத் தேட வேண்டியதில்லை.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தொலைந்து கிடைத்த பூனைகளில் 75 சதவீதம் வெளியேறிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வீட்டிலேயே வளர்ந்த பூனை மிரண்டால் ஓடாது, ஒடுங்கும். மாடிப்படி அடி, வண்டிக்குக் கீழ், அடுத்த வீட்டு ஷெட், தண்ணீர்த் தொட்டி மறைவு. ஷெட்டை “பார்த்தாச்சு” என்று பக்கத்து வீட்டார் சொன்னால் நம்பாமல், திறக்கச் சொல்லி நீங்களே குனிந்து பாருங்கள். கூப்பிட்டால் குரல் கொடுக்காது, டார்ச் ஒளியில் கண் மின்னும். தெரு அடங்கிய பின்னிரவு நல்ல நேரம்.

கேள்வி: தெருவில் காலர் இல்லாத ஒரு நாய் கிடைத்தது. கிளினிக்கில் ஸ்கேன் செய்ததில் எண் வந்தது. அடுத்து என்ன?

பதில்: எண்ணை எழுதிக்கொண்டு, திரையைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத் தேடல் தளங்கள் இருக்கின்றன: ஐரோப்பாவுக்கு யூரோபெட்நெட், வட அமெரிக்காவுக்கு அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் தேடல் பக்கம். அங்கே உரிமையாளர் பெயர் வராது, எந்தத் தரவுத்தளத்தில் பதிவு என்று மட்டும் தெரியும். அந்தத் தரவுத்தளத்தைத் தொடர்புகொண்டால் அவர்கள் உரிமையாளரை அழைப்பார்கள். ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் முதல் மூன்று இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரைப் பிடித்து, அந்த எண்ணுள்ள சிப்பை எந்தக் கிளினிக்குக்கு விற்றார்கள் என்று கேட்கலாம். விற்பனைப் பதிவு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், கிளினிக்கின் பழைய ஏட்டில் உரிமையாளர் பெயர் இருக்கும்.

சமூக வலைதளத்தில் படம் போடும்போது சிப் எண்ணைப் போடாதீர்கள். “என் நாய்தான்” என்று வருபவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். கையில் காகிதம் இல்லையென்றால் தேடிக் கொண்டுவரட்டும், அதுவரை நாய் உங்களிடமோ கிளினிக்கிலோ இருக்கட்டும்.